கழுத்தை உறுத்தாத காவலன்! பாய்மரப் படகுகளின் ஊரில் ஒரு லைஃப் ஜாக்கெட் தேடல்

இங்கிலாந்தின் தென்கரையை ஒட்டி வைட் தீவு இருக்கிறது. அதன் வட முனையில் ஒரு சின்ன ஊர். பெயர் கௌஸ். ஆமாம், ஆங்கிலத்தில் பசுமாடுகளைச் சொல்வோமே, அதே உச்சரிப்புதான். ஆற்று முகத்தின் இரு பக்கமும் இருந்த இரண்டு மணல்திட்டுகள் படுத்திருக்கும் பசுக்களைப் போலத் தெரிந்ததால் இந்தப் பெயர் வந்தது என்பார்கள். இன்று இந்த ஊரில் கண்ணை எந்தப் பக்கம் திருப்பினாலும் தெரிவது படகுகள்தான். பாய்மரப் படகுப் பிரியர்களுக்கு உலகத்தில் ஒரு தலைநகர் உண்டு என்றால், அது கௌஸ்.

சவுத்தாம்ப்டன் நகரத்திலிருந்து 'ரெட் ஜெட்' என்ற விரைவுப் படகில் ஏறினால் அரை மணி நேரத்துக்குள் கௌஸ் வந்துவிடும். இரண்டு உடல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இணைத்த படகு அது. அந்த வகைக்கு ஆங்கிலத்தில் கேட்டமரான் என்று பெயர். நம் ஊர்க் கட்டுமரம் கடல் தாண்டிப் போய் எடுத்துக்கொண்ட பெயர்தான் அது.

படகை விட்டு இறங்கினால் குறுகலான கடைத்தெரு. காபிக் கடை, ஐஸ்கிரீம் கடை, மழைக்கோட்டுக் கடை. நடுநடுவே படகுச் சாமான் விற்கும் கடைகள். உள்ளே வண்ணவண்ணக் கயிறுகள், கப்பிகள், கொக்கிகள். ஒரு சுவர் முழுக்க வரிசையாக ஹேங்கரில் தொங்குகின்றன லைஃப் ஜாக்கெட்டுகள்.

நம் ஊர்ப் படகு இல்லங்களில் மாட்டிவிடும் தடித்த ஆரஞ்சு நிற ஜாக்கெட்டை நினைத்துக்கொண்டு போனால் ஏமாந்துபோவீர்கள். இவை மெலிந்து, கழுத்தைச் சுற்றி ஒரு துண்டு போட்டதுபோல இருக்கும். 'இதுவா ஆளைக் காப்பாற்றும்?' என்று சந்தேகம் வரும். உள்ளே மடித்து வைத்த காற்றுப்பை. அதற்குக் கீழே விரல் நீளத்துக்குச் சற்றுப் பெரிய எரிவாயு சிலிண்டர். தண்ணீரில் விழுந்த சில நொடிகளில் அந்தத் துண்டு, தலையணைபோல உப்பி முகத்தைத் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பிடிக்கும்.

ஆனால், இந்த வேலை எல்லாம் நடக்க ஒரே ஒரு நிபந்தனை உண்டு. விழும்போது ஜாக்கெட் உடம்பில் இருக்க வேண்டும். கழுத்தை அறுக்கிறது, குனிய முடியவில்லை, வியர்க்கிறது என்று கழற்றி அறைக்குள் போட்ட ஜாக்கெட், எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் வெறும் துணிதான். அதனால்தான், ஜாக்கெட் சௌகரியமாக இருக்கிறதா என்பது இந்த ஊரில் சொகுசுக்காகக் கேட்கும் கேள்வி அல்ல.

சின்னக் கடல்... பெரிய சேட்டை!

வைட் தீவுக்கும் இங்கிலாந்துக்கும் நடுவே இருக்கும் நீர்ப்பரப்பின் பெயர் சோலன்ட். அகலமான இடத்திலேயே சுமார் 8 கிலோமீட்டர்தான். ஒரு கரையில் நின்றால் மறுகரை தெளிவாகத் தெரியும். 'இதில் என்ன ஆபத்து வந்துவிடப் போகிறது?' என்று தோன்றும். அங்கேதான் இந்தக் கடல் ஏமாற்றும்.

இங்கே கடல் ஏற்றமே விசித்திரமானது. சவுத்தாம்ப்டன் பக்கம் நீர் உச்சத்துக்கு வந்து, சற்றே தாழ்ந்து, மறுபடி உச்சத்தைத் தொடும். இறங்கும்போது வேகமாக இறங்கும். நீரோட்டம் ஒரு பக்கமும் காற்று எதிர்ப்பக்கமும் இருந்தால், குட்டையான, செங்குத்தான அலைகள் எழுந்து படகைப் போட்டு உலுக்கும். நடுவே பிராம்பிள் பேங்க் என்று ஒரு மணல்திட்டு ஒளிந்திருக்கிறது. ஆண்டில் ஒருசில நாட்கள் மட்டும் நீர் மிகவும் வற்றும்போது அது வெளியே தலைகாட்டும். அப்போது இரண்டு படகுச் சங்கத்தினர் அதில் இறங்கி ஸ்டம்ப் நட்டு கிரிக்கெட் ஆடுவார்கள்! ஒரு மணி நேரத்துக்குள் கடல் திரும்பி வந்து மைதானத்தை எடுத்துக்கொள்ளும்.

அந்த மணல்திட்டைச் சுற்றிக்கொண்டுதான் பிரமாண்டமான கன்டெய்னர் கப்பல்களும் சுற்றுலாக் கப்பல்களும் சவுத்தாம்ப்டனுக்குப் போகின்றன. 150 மீட்டருக்கு மேல் நீளமான கப்பல் வரும்போது, அதற்கு முன்னால் 1,000 மீட்டருக்குள்ளும் பக்கவாட்டில் 100 மீட்டருக்குள்ளும் சிறு படகுகள் போகக் கூடாது என்பது இங்கே விதி.

தண்ணீரும் நம் வங்கக் கடல்போல இதமாக இருக்காது. கோடைகாலமான ஆகஸ்ட்டில்கூட 18 டிகிரி செல்சியஸை ஒட்டித்தான் இருக்கும். குளிர்காலம் முடியும் நேரத்தில் 10 டிகிரிக்கும் கீழே. இவ்வளவு குளிர்ந்த நீரில் திடீரென விழுந்தால், உடம்பு நம்மைக் கேட்காமலே வாயைத் திறந்து ஒரு பெரிய மூச்சை இழுக்கும். அந்த நொடியில் வாய் நீருக்குள் இருந்தால், உள்ளே போவது காற்று அல்ல. முதல் ஓரிரு நிமிடங்கள் மூச்சு நம் கட்டுப்பாட்டில் இருக்காது. அடுத்த பத்து, பதினைந்து நிமிடங்களில் கை, கால்கள் ஒவ்வொன்றாகச் சொல்பேச்சுக் கேட்காமல் போகும்.

'எனக்கு நல்லா நீச்சல் தெரியும்' என்பவர்களும் குளிர்நீரில் மூழ்கிப்போவது இப்படித்தான். நீந்துவதற்குக் கை வேண்டும், மூச்சு வேண்டும். இரண்டையும் குளிர் முதலில் பறித்துவிடும். அந்த முதல் சில நிமிடங்களுக்குத்தான் ஜாக்கெட்.

பீரங்கி ஒலிக்கும் கரை

கடைத்தெரு முடிந்து கடலோர நடைபாதையில் நடந்தால், எட்டாம் ஹென்றி மன்னர் காலத்தில் கட்டிய சிறு கோட்டை வரும். இப்போது அது ராயல் யாட் ஸ்குவாட்ரன் என்ற படகுச் சங்கத்தின் இல்லம். 1815-ல் தொடங்கிய சங்கம். கோட்டைக்கு முன்னால் சின்னச் சின்னப் பித்தளைப் பீரங்கிகள் வரிசையாக நிற்கின்றன. பந்தயம் தொடங்கும்போது அவைதான் முழங்கும்.

1826 முதல் நடந்துவரும் 'கௌஸ் வீக்' பந்தயத் திருவிழா இன்றும் ஆகஸ்ட்டில் நூற்றுக்கணக்கான படகுகளை இங்கே இழுத்து வருகிறது. 1851-ல் 'அமெரிக்கா' என்ற படகு இந்தத் தீவைச் சுற்றி நடந்த பந்தயத்தில் வென்று கோப்பையைக் கொண்டுபோனது. 'அமெரிக்கா கோப்பை' என்று இன்றும் நடக்கும் புகழ்பெற்ற பந்தயத்தின் பிறப்பு அதுதான்.

இதே கரையிலிருந்து கிளம்பிய ஒரு பந்தயத்தை மட்டும் இந்த ஊர் வேறு மாதிரி நினைவில் வைத்திருக்கிறது. 1979 ஆகஸ்ட் 11. அயர்லாந்துக்குத் தெற்கே இருக்கும் ஃபாஸ்ட்நெட் பாறையைச் சுற்றிவிட்டுத் திரும்பும் பந்தயம். 303 படகுகள் புறப்பட்டன. முன்னாள் பிரிட்டிஷ் பிரதமர் எட்வர்ட் ஹீத் ஒரு படகில் இருந்தார். மறு ஆண்டு சி.என்.என். தொலைக்காட்சியைத் தொடங்கிய டெட் டர்னர் இன்னொன்றில் இருந்தார். பந்தயத்தை வென்றதும் அவர்தான்.

13-ம் தேதி இரவு வந்த புயல், அந்தப் படகுக் கூட்டத்தைப் புரட்டிப்போட்டது. படகுகள் தலைகுப்புறக் கவிழ்ந்து, மீண்டும் நிமிர்ந்தன. 24 படகுகளை அவற்றில் இருந்தவர்களே கைவிட்டு இறங்க வேண்டியிருந்தது. ஐந்து மூழ்கின. பந்தயத்தில் கலந்துகொண்டவர்களில் 15 பேர் உயிரிழந்தார்கள். சிலரைப் படகோடு பிணைத்திருந்த பட்டையோ, அதை மாட்டியிருந்த இடமோ தாங்காமல் அறுந்துபோனது பிறகு நடந்த விசாரணையில் தெரிந்தது.

அந்தக் காலத்தில் பெரும்பாலும் லைஃப் ஜாக்கெட் தனி, உடலோடு கட்டும் ஹார்னஸ் என்ற பட்டை தனி. இன்று கடையில் தொங்கும் நல்ல ஜாக்கெட்டுகளில் இரண்டும் ஒன்றாகவே தைக்கப்பட்டிருக்கின்றன. ஒன்றை மாட்டினால் இன்னொன்றும் மாட்டியதாகிவிடும். அணிபவருக்கு வேலை குறைந்தால், அணியாமல் போகும் வாய்ப்பும் குறையும்.

தக்கையில் தொடங்கிய கதை

'சௌகரியமாக இருந்தால்தான் போடுவார்கள்' என்ற ஞானம் நேற்று வந்ததல்ல. பிரிட்டனின் கடல் மீட்புத் தொண்டு அமைப்பான ஆர்.என்.எல்.ஐ. 1824-ல் தொடங்கியது. அதன் ஆய்வாளராக இருந்த கேப்டன் வார்டு, 1854-ல் தக்கையால் ஒரு ஜாக்கெட்டை வடிவமைத்தார். ஒரே பெரிய பலகையாக வைத்தால் மீட்புப் படகுக்காரர்கள் துடுப்பு வலிக்க முடியாது. அதனால் தக்கையைக் குறுகலான பட்டைகளாக வெட்டி, கேன்வாஸ் துணியில் வரிசையாகத் தைத்தார். உடம்பு வளைய, ஜாக்கெட்டும் வளைந்தது.

1861 பிப்ரவரியில், வடகிழக்கு இங்கிலாந்தின் விட்பி துறைமுகத்தில் புயல். மீட்புப் படகுக்காரர்கள் ஒரே நாளில் திரும்பத் திரும்பக் கடலுக்குள் போய்க் கப்பல்களில் தவித்தவர்களைக் கரைசேர்த்தார்கள். கடைசி முறை அவர்கள் படகே கவிழ்ந்தது. 13 பேரில் 12 பேர் இறந்தார்கள். பிழைத்தவர் ஹென்றி ஃப்ரீமன் ஒருவர் மட்டுமே. புதுவகைத் தக்கை ஜாக்கெட்டை அணிந்திருந்ததும் அவர் ஒருவர் மட்டுமே.

இரண்டாம் உலகப் போரில் விமானிகள் காற்று நிரப்பும் ஜாக்கெட்டுகளைப் போட்டார்கள். ஊதினால் மார்பு பெரிதாகத் தெரிந்ததால், அன்றைய ஹாலிவுட் நடிகையின் பெயரை வைத்து 'மே வெஸ்ட்' என்று அதை அழைத்தார்கள். அதே போர்க்காலத்தில், கடலில் விழுந்த விமானிகளுக்காக விமானத்திலிருந்து பாராசூட்டில் போடக்கூடிய மீட்புப் படகை வடிவமைத்தவர் உஃபா ஃபாக்ஸ். கௌஸ்காரர்! இன்றும் இந்த ஊரில் லைஃப் ஜாக்கெட் நிறுவனம் இருக்கிறது. சோலன்ட் கடலைப் பார்த்துக்கொண்டே, அதில் விழுபவர்களுக்கான ஜாக்கெட்டை வடிவமைக்கிறார்கள்.

கண்ணாடி முன் நின்றால் போதாது!

சரி, கடைக்குள் திரும்புவோம். சுவரில் இருபது ஜாக்கெட்டுகள். விலை சுமார் 100 பவுண்டில் தொடங்கி 300 பவுண்டைத் தாண்டிப் போகிறது. எதை எடுப்பது?

முதலில் பார்க்க வேண்டியது கழுத்து. மலிவான ஜாக்கெட்டுகள் பலவற்றில் ஒரு கிலோவுக்கு மேல் இருக்கும் மொத்த எடையும் பிடரியில் உட்காரும். கடையில் ஐந்து நிமிடம் தெரியாது. ஆறு மணி நேரம் படகில் இருந்தால் பிடரி வலி, தலைவலி என்று வந்து, மதியத்துக்குள் ஜாக்கெட் கழன்றுவிடும். நல்ல ஜாக்கெட் பள்ளிக்கூடப் பையைப் போல எடையைத் தோள்களுக்கும் முதுகுக்கும் பிரித்துக் கொடுக்கும். கழுத்தைத் தொடும் இடத்தில் மிருதுவான துணி இருக்கும். தலையை இரு பக்கமும் திருப்பி, அண்ணாந்து பாய்மரத்தின் உச்சியைப் பார்ப்பதுபோலப் பாருங்கள். காதிலோ தாடையிலோ இடித்தால் அது உங்களுக்கானது அல்ல.

இரண்டாவது, குனிந்து பார்ப்பது. பாய்மரப் படகில் யாரும் சும்மா உட்கார்ந்திருப்பதில்லை. கயிறு இழுக்க வேண்டும், மண்டியிட வேண்டும், தாழ்வான வாசலுக்குள் நுழைய வேண்டும். குனியும்போது ஜாக்கெட்டின் முன்பக்கம் ஆடித் தொங்கினால் எல்லாக் கயிற்றிலும் மாட்டிக்கொள்ளும். சிலிண்டர் விலா எலும்பில் குத்துகிறதா என்றும் அப்போதுதான் தெரியும்.

மூன்றாவது, உடை. சென்னை வெயிலுக்கு டி-ஷர்ட் மேல் போடுவது வேறு. சோலன்ட் குளிருக்கு ஸ்வெட்டர், அதன் மேல் மழைக்கோட்டு, அதன் மேல் ஜாக்கெட் என்று போடுவது வேறு. படகில் என்ன உடுத்துவீர்களோ அதை உடுத்திக்கொண்டே அளவு பார்க்க வேண்டும். எந்தக் காலத்திலும் ஜாக்கெட்டுக்கு மேல் மழைக்கோட்டைப் போடக் கூடாது. காற்றுப்பை விரிய இடமில்லாமல் நெஞ்சை நெரித்துவிடும்.

பெண்களுக்கு இன்னொரு விஷயமும் உண்டு. ஒரே நேர்க்கோட்டுப் பட்டை மார்பை அழுத்தும் ஜாக்கெட்டுகள் உண்டு. பட்டையின் உயரத்தையும் முதுகு நீளத்தையும் மாற்றிக்கொள்ளும் வகையாகத் தேடினால் இந்தத் தொல்லை இல்லை. நீளமான கூந்தல் உள்ளவர்கள், முடி பட்டையிலோ ஒட்டுத்துணியிலோ சிக்குகிறதா என்றும் பார்த்துக்கொள்ளலாம்.

குழந்தைகளுக்கு எடையைப் பொறுத்துத்தான் அளவு. சிறு குழந்தைகளுக்குக் காற்று நிரப்பும் வகை வேண்டாம்; கழுத்துக்குப் பின்னால் தலையைத் தாங்கும் ஃபோம் ஜாக்கெட்தான் சரி. 'வளர்ற பிள்ளைதானே, ஒரு சைஸ் பெருசா எடுத்துப்போம்' என்று பள்ளிச் சீருடை வாங்கும் கணக்கு மட்டும் இங்கே கூடவே கூடாது. தொளதொள ஜாக்கெட் மிதக்கும். குழந்தை அதற்குள்ளிருந்து நழுவிவிடும்.

யாரும் கட்ட விரும்பாத அந்தப் பட்டை

ஜாக்கெட்டின் கீழே கால்களுக்கு நடுவே போகும் பட்டை ஒன்று இருக்கும். கூச்சமாக இருக்கிறது, நடக்க இடைஞ்சல் என்று பலரும் அதைக் கட்டாமல் மடித்துச் செருகிவிடுவார்கள். ஆனால், தண்ணீரில் ஜாக்கெட்டை உடம்போடு பிடித்து வைப்பதே அதுதான். அது இல்லாவிட்டால் காற்றுப்பை மேலே போகும், ஆள் கீழே போவார். முகத்தை மூடும் அளவுக்கு ஜாக்கெட் ஏறிவிடும். வாய் நீர்மட்டத்துக்கு வந்துவிடும்.

அதனால், பட்டை சௌகரியமாக இருக்கிறதா என்பதை ஜாக்கெட்டைத் தேர்ந்தெடுக்கும்போதே பார்க்க வேண்டும். மெல்லிய ஒற்றைப் பட்டை அறுக்கிறது என்றால், இரண்டு தொடைகளையும் தனித்தனியே சுற்றும் பட்டைகள் கிடைக்கின்றன. விலை சற்று அதிகம். ஆனால், கட்டிக்கொண்டு நாள் முழுக்க நடமாடலாம்.

தானாகவா... இழுத்தாலா?

ஜாக்கெட்டின் திறனை நியூட்டன் என்ற அலகில் சொல்கிறார்கள். சுமாராக 10 நியூட்டன் என்றால் ஒரு கிலோவைத் தூக்கும் மிதப்பு. தண்ணீருக்குள் சராசரி மனிதரின் எடை சில கிலோக்கள்தான் என்பதால், 150 நியூட்டன் வகையே பெரும்பாலான படகுக்காரர்களுக்குப் போதும். மயங்கி விழுந்தவரையும் பெரும்பாலும் மல்லாக்கத் திருப்பிவிடும். அதில் 33 கிராம் கார்பன் டை ஆக்ஸைடு சிலிண்டர் இருக்கும். 275 நியூட்டன் வகை, ஆழ்கடலில் கனமான உடையோடும் கருவிகளோடும் வேலை செய்பவர்களுக்கு. பெரியதுதான் நல்லது என்று அதை வாங்கினால், பருமனும் எடையும் கூடி, கடைசியில் கழற்றிவைக்கத்தான் தோன்றும்.

சிலிண்டரைத் திறக்க மூன்று வழிகள். முதலாவது, கைப்பிடிக் கயிற்றை நாமே இழுப்பது. குளிர் அதிர்ச்சியில் இருப்பவரால், தலையில் அடிபட்டவரால் அது முடியாமல் போகலாம். இரண்டாவது, தண்ணீர் பட்டதும் கரையும் சிறு வில்லை. அது கரைந்ததும் ஸ்பிரிங் விடுபட்டு, ஊசி சிலிண்டரைக் குத்தும். பரவலாக விற்பது இதுதான். ஆனால், படகின் முன்பக்கம் நின்று அலையை முகத்தில் வாங்குபவருக்கு, விழாமலே ஜாக்கெட் வெடித்து விரியலாம். மூன்றாவது, நீரின் அழுத்தத்தை உணர்ந்து திறப்பது. வெறும் நனைச்சலுக்கு அசையாது. சுமார் 10 சென்டிமீட்டர் ஆழத்துக்குப் போனால்தான் திறக்கும். விலை அதிகம். தானாகத் திறக்கும் ஜாக்கெட்டுகளிலும் இழுக்கும் கயிறும், வாயால் ஊதும் குழாயும் மாற்று வழியாக இருக்கும்.

ஒரு விதிவிலக்கு. அடிக்கடி கவிழும் சின்னஞ்சிறு பயிற்சிப் படகுகளுக்கு இவை சரிப்படாது. ஒவ்வொரு முறை கவிழ்ந்தபோதும் ஒரு சிலிண்டர் காலியாகும். அங்கே மெல்லிய ஃபோம் ஜாக்கெட்தான் வசதி.

இவற்றோடு விசில், ஒளியைத் திருப்பி அனுப்பும் பட்டை, நீரில் தானே எரியும் விளக்கு, ஆளைப் பிடித்துத் தூக்க ஒரு வளையம் ஆகியவை இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். முகத்தின் மேல் இழுத்துவிடும் ஒளிபுகும் உறை இருந்தால் இன்னும் நல்லது. அலைகள் முகத்தில் அடித்துக்கொண்டே இருந்தால், மிதந்துகொண்டிருப்பவரும் மூச்சுத்திணறிப் போகலாம்.

விழாமல் இருப்பதே முதல் பாதுகாப்பு

2011 ஜூனில் சோலன்ட் பக்கமிருந்து பிரான்ஸுக்குப் புறப்பட்ட ஒரு பந்தயப் படகில், இரவு நேரத்தில் ஒருவர் தவறி விழுந்தார். ஹார்னஸ் கயிற்றால் படகோடு பிணைக்கப்பட்டிருந்தார். இருந்தும், ஓடும் படகோடு பக்கவாட்டில் இழுபட்டவரை உயிரோடு மேலே தூக்க முடியவில்லை.

கயிறு இருந்தால் மட்டும் போதாது. அது ஆளைப் படகின் விளிம்பைத் தாண்டிப் போகவிடாத அளவுக்குக் குட்டையாக இருக்க வேண்டும் என்பதே இதிலிருந்து படகுக்காரர்கள் எடுத்துக்கொண்ட பாடம். நீளம், குட்டை என்று இரண்டு நீளங்களும் மூன்று கொக்கிகளும் உள்ள கயிறு கிடைக்கிறது. ஒரு கொக்கியை மாட்டிவிட்டு மற்றதைக் கழற்றலாம். ஒரு நொடிகூடப் பிடிப்பில்லாமல் இருக்க வேண்டாம். ஜாக்கெட்டைப் போட்டுப் பார்க்கும்போதே இந்தக் கொக்கியையும் மாட்டிப் பார்ப்பது நல்லது. மரத்துப்போன விரல்களால், கண்ணால் பார்க்காமல் மாட்டவும் கழற்றவும் முடிகிறதா? முடிந்தால்தான் நடுராத்திரியில் மாட்டுவீர்கள்.

கடையிலேயே ஐந்து நிமிடச் சோதனை

1. படகில் போடும் உடையோடு ஜாக்கெட்டை மாட்டி, எல்லாப் பட்டைகளையும் இறுக்குங்கள்.

2. தோள் பக்கத்தில் பிடித்து ஜாக்கெட்டை மேலே தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். காது வரை ஏறினால் தளர்வு.

3. குனியுங்கள், மண்டியிடுங்கள், கைகளைத் தலைக்கு மேல் தூக்குங்கள்.

4. கண்ணை மூடிக்கொண்டு இழுக்கும் கயிறு, விசில், ஊதும் குழாய் மூன்றும் எங்கே இருக்கின்றன என்று தொட்டுப் பாருங்கள்.

5. மாட்டியபடியே கடைக்குள் சற்று நேரம் சுற்றுங்கள். கை தானாகக் கழுத்துப் பக்கம் போகிறது என்றால், அடுத்த ஜாக்கெட்டை எடுங்கள்.

வாங்கியதோடு முடியாது

படகில் போகும்போது எல்லோருக்கும் ஏற்படும் அதிர்வு, ஜாக்கெட்டில் இருக்கும் சிலிண்டருக்கும் ஏற்படும். மரையிலிருந்து மெதுவாகக் கழன்று, பார்ப்பதற்கு இருந்த இடத்திலேயே இருக்கும். ஊசி மட்டும் எட்டாது. அதனால் ஒவ்வொரு பயணத்துக்கு முன்னும் உறையைத் திறந்து, சிலிண்டரைக் கையால் இறுக்கிப் பார்க்க வேண்டும். திறக்கும் பொறியில் இருக்கும் அடையாளம் பச்சையாக இருக்கிறதா, வில்லையின் காலாவதித் தேதி தாண்டவில்லையா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

ஆண்டுக்கு ஒரு முறையாவது வாயால் ஊதி நிரப்பி, ஒரு இரவு முழுக்க அப்படியே விட்டுவிடுங்கள். காலையில் தளர்ந்திருந்தால் எங்கோ கசிகிறது. சிலிண்டரைத் துல்லியமான தராசில் வைத்து, அதன் மேல் அச்சிட்டிருக்கும் எடையோடு ஒப்பிடுங்கள். உப்புநீர் பட்டால் நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் தொங்கவிட்டுக் காயவிட வேண்டும். ஈரமான அலமாரிக்குள் திணித்தால், வில்லை கரைந்து அலமாரிக்குள்ளேயே ஜாக்கெட் உப்பி நிற்கும்! வாடகைக்குப் படகு எடுப்பவர்களும், 'எல்லாம் சரியா இருக்கும்' என்று நம்பாமல் ஜாக்கெட்டைத் திறந்து பார்த்துவிட்டே ஏற வேண்டும்.

வெளிநாட்டில் வாங்கி விமானத்தில் கொண்டுவருபவர்கள் கவனிக்க வேண்டியது: உள்ளே இருப்பது அழுத்தத்தில் அடைத்த வாயு. ஜாக்கெட்டோடு சிலிண்டரைக் கொண்டுபோகப் பொதுவாக விமான விதிகள் இடம் கொடுக்கின்றன; ஆனால் விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். டிக்கெட் போட்டதும் கேட்டு வாங்கிவிட்டால், பாதுகாப்புச் சோதனையில் திண்டாட வேண்டாம்.

மாலை நேரத்துக் கௌஸ்

ஆகஸ்ட் மாலையில் கௌஸ் கரையில் நின்றால் ஓர் அழகான காட்சி கிடைக்கும். பந்தயம் முடிந்து படகுகள் ஒவ்வொன்றாகத் துறைக்குள் வரும். பாய்களை இறக்கி மடிப்பார்கள். உப்பு படிந்த முகங்கள், கயிறு இழுத்துச் சிவந்த கைகள். கரையேறியதும் கூட்டம் கூட்டமாகக் கடைத்தெருப் பக்கம் நடக்கும். யார் யாரை முந்தினார்கள், எந்தத் திருப்பத்தில் காற்று கைவிட்டது என்ற பேச்சு ஓயாது.

அந்தக் கூட்டத்தில் உற்றுப் பாருங்கள். ஐஸ்கிரீம் வாங்க வரிசையில் நிற்கும் யாராவது ஒருவர் இன்னமும் ஜாக்கெட்டோடுதான் நின்றுகொண்டிருப்பார். போட்டிருப்பதையே மறந்திருப்பார். பக்கத்தில் இருப்பவர் தோளைத் தட்டிச் சிரித்த பிறகுதான் குனிந்து பார்த்துக் கொக்கியை விடுவிப்பார்.

எந்த ஜாக்கெட் வாங்குவது என்று குழம்புபவர்கள், அவரிடம் போய் எங்கே வாங்கினீர்கள் என்று கேட்கலாம்!